தண்ணிக்கும் உண்டு கூட்டு வட்டி!

துடியலூரில் வேன் பிடித்து, ராத்திரி முழுக்கப் பாட்டுப் போட்டு, ஆபீஸ் நண்பர்கள் பன்னிரண்டு பேர் ஒகேனக்கல்லில் போய் இறங்கினோம். எண்ணெய் மசாஜ், பொரித்த மீன், பரிசல்... வரிசையாகத் திட்டம். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனால் பரிசல்களெல்லாம் கரையில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன.

"தண்ணி ஜாஸ்தி. ஓட்டத் தடை!"

எங்கள் கேஷியர் விடுவாரா? "ஏனுங்ண்ணா, வெயில் இந்தக் காய் காயுது. ரெட்டைக் காசு தர்றோம். ஒரே ஒரு ரவுண்டு உடுங்!"

பரிசல்காரப் பெரியவர் சிரிக்கவில்லை. "ஒரு வாரமா வருமானமே இல்ல தம்பி, காசு வேணுந்தான். ஆனா துடுப்புப் போட்டா ஆறு கேக்கணுமே? இன்னிக்குக் கேக்காது."

விஷயம் இதுதான். மழை ஒகேனக்கல்லில் பெய்ய வேண்டியதில்லை. வயநாட்டில் கொட்டினால் கபினி நிரம்பும். குடகில் கொட்டினால் கிருஷ்ணராஜசாகர் நிரம்பும். அங்கே மதகைத் திறந்தால் இங்கே காவிரி ஏறும். வழியில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. நீர்வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்துகிறது.

'விநாடிக்கு 10,000 கனஅடி' என்று பேப்பரில் படித்துவிட்டு சினிமா பக்கத்துக்குப் போய்விடுகிறோம். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் கணக்குப் போடுங்கள். ஒரு விநாடிக்கு இருபத்துமூன்று லாரிக்கு மேல்!

பி.காம். பாஷையில் சொன்னால், இது தனி வட்டி இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் மோதுகிற விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. கந்துவட்டிக்காரரே கும்பிடுவார்!

தண்ணி ரொம்பக் குறைந்தாலும் வம்புதான். பாறை தலைநீட்டிப் பரிசலின் அடியைக் கிழிக்கும். கூடினால் அதே பாறை உள்ளே ஒளிந்துகொண்டு மேலே சுழல் போடும்.

நம்ம மேட்டுப்பாளையம் பவானியும் இப்படித்தான். 100 அடி பில்லூர் அணை 97 அடியைத் தொட்டாலே உபரிநீர் திறப்பார்கள். மின்சாரம் எடுக்கத் திறந்தாலும் ஆறு ஏறும். முழங்கால் தண்ணியில் குளிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் சோப்பைத் தேடாதீர்கள். கரையேறுங்கள்!

திரும்பும்போது கேஷியர் முனகினார்: "லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்க."

"கட்டாயம் போடோணுங்ணா. அதுக்காக, இன்ஷூரன்ஸ் இருக்குதுன்னு வண்டியக் கொண்டுபோய் லாரில மோதுவீங்களா?"

வேனில் அப்புறம் பாட்டுச் சத்தம் மட்டும்தான்.