பி16 மட்டும் போதுமா?

டான்சிலிலோ அடிநாக்கிலோ கட்டி இருந்து பயாப்சியில் புற்று என்று தெரிந்தால், அறிக்கையில் பெரும்பாலும் ‘பி16 பாசிட்டிவ்’ அல்லது ‘நெகட்டிவ்’ என்று ஒரு வரி இருக்கும். பாசிட்டிவ் என்றால் பல வீடுகளில் பாதிக் கவலை தீர்ந்துவிடுகிறது. ஆனால், அவ்வளவு சீக்கிரம் நிம்மதி அடைந்துவிட முடியாது.

பி16 என்பது வைரஸ் அல்ல, நம் செல்லே தயாரிக்கும் புரதம். எச்பிவி வைரஸ், பெரும்பாலும் அதன் 16ஆம் வகை, தொண்டைச் செல்லுக்குள் புகுந்து ஈ6, ஈ7 என்ற இரு புரதங்களை உண்டாக்கும். (இரண்டு பதினாறுக்கும் சம்பந்தமில்லை.) செல்லைக் காக்கும் பி53 புரதத்தை ஈ6 அழிக்கிறது, செல் பெருகாமல் தடுக்கும் ஆர்பி புரதத்தை ஈ7 முடக்குகிறது. ஆர்பி செயலிழந்ததும் பி16 கட்டுக்கடங்காமல் பெருகும். பி16ஐக் காட்டும் சாயமேற்றிய ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கட்டி பழுப்பேறித் தெரியும். 70 சதவீதச் செல்களாவது அழுத்தமாகப் பழுப்பேறியிருந்தால் பாசிட்டிவ். வைரஸின் மரபணுவைத் தேடுவதைவிடச் செலவும் குறைவு.

வைரஸால் வரும் தொண்டைப் புற்று சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள், எச்பிவி இருந்தவர்களில் 82 சதவீதம். இல்லாதவர்களில் 57 சதவீதம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 7,654 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ஏறத்தாழ 9 சதவீதம் பேருக்கு பி16 முடிவும் எச்பிவி முடிவும் முரண்பட்டன. இரண்டும் பாசிட்டிவ் ஆனவர்களில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் 81 சதவீதம். பி16 மட்டும் பாசிட்டிவ், வைரஸ் இல்லை என்றவர்களில் அது 55 சதவீதம்தான். எச்பிவியின் பங்கு குறைவாக உள்ள பகுதிகளில் இந்த முரண்பாடு அதிகம்.

இந்தியாவில் புகையிலையும் பாக்கும்தான் வாய், தொண்டைப் புற்றின் முதல் குற்றவாளிகள். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே அறிவித்துவிட்டது. இங்கே பழுப்பு நிறத்தை மட்டும் நம்பி ‘இது வைரஸ் வகை’ என்று முடிவுகட்டுவது ஆபத்து. அதிலும் கன்னத்திலோ ஈறிலோ வரும் கட்டிக்கு இந்த பி16 கணக்கே பொருந்தாது.

வைரஸ் வகைதானே, சிகிச்சையை மென்மையாக்கலாம் என்று, வழக்கமான சிஸ்பிளாட்டின் மருந்துக்குப் பதில் செடுக்ஸிமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரு பெரிய சோதனைகளின் முடிவுகள் 2018இல் வெளியாயின. செடுக்ஸிமாப் பெற்றவர்களே அதிகம் இறந்தார்கள். பி16 மட்டும் போதாது. ஆகவே பி16 பாசிட்டிவ் என்று அறிக்கை வந்தால், எச்பிவி மரபணுச் சோதனையும் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். புற்றுநோய் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் அந்தச் சோதனையை இலவசமாகவே செய்து தர வேண்டும்.