சோதனைக்கு ஒரு வாழையிலை

தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் அமைந்த ஏற்றுமதி வளாகம் முதல், தரமணியில் 2000-இல் திறக்கப்பட்ட டைடல் பூங்கா வரை, நம் தென்சென்னைப் புறநகர் கணிப்பொறித் தொழிலின் விளைநிலமாகிவிட்டது. அங்கே வேலை தேடிச் செல்லவிருக்கும் நாம், நிரல் எழுதுவதில் காட்டும் ஆர்வத்தை அதைச் சோதிப்பதில் காட்டுகிறோமா? இல்லை என்றே நான் கருதுகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு. 2021-இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து, 70 வார்டுகளுடன் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. அதற்குச் சொத்துவரி விவரம் கூறும் இணையச் சேவை ஒன்றை நாம் எழுதுவதாகக் கொள்வோம். 71-ஆவது வார்டைக் கேட்டால் அது மறுக்க வேண்டும். கட்டிய வரியை மீண்டும் கேட்கக் கூடாது. இவற்றைச் சோதிக்க, செய்திகளை அடுக்கி வைக்கும் தரவுத்தளம் ஒன்று தேவை.

உண்மைக் குடிமக்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் நகலெடுத்துச் சோதிப்பது எளிது. ஆனால் அது அறமாகுமா? தனிநபர் தரவுகளைக் காக்க 2023-இல் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. எல்லோரும் ஒரே பொதுத் தரவுத்தளத்தில் சோதிப்பதும் தவறு. ஒருவர் விட்டுச் சென்ற பதிவு அடுத்தவர் சோதனையைக் கெடுத்துவிடும். பந்தியில் ஒருவர் உண்ட இலையில் மற்றவருக்குப் பரிமாறுவோமா?

எஸ்க்யூலைட், ஹெச்2 போன்ற தரவுத்தளங்களை வட்டில் எழுதாமல் நினைவகத்திலேயே இயக்கலாம். ஒவ்வொரு சோதனைக்கும் அட்டவணைகளைப் புதிதாக அமைத்து, பத்துக் கற்பனை வீடுகளைப் பதிந்து, சேவையிடம் கேட்டு, விடையைச் சரிபார்த்து, இணைப்பை மூடினால் அனைத்தும் மறைந்துவிடும். அடுத்த சோதனைக்குப் புதிய இலை!

"இதுவே போதுமே" என்பாரும் உளர். போதாது. பெயர் பத்து எழுத்துக்கு மிகக் கூடாது என்று அட்டவணையில் விதித்தாலும், எஸ்க்யூலைட் நீண்ட பெயரை ஏற்றுக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். முன்னதில் தேறிய சேவை பின்னதில் தவறலாம். ஆகவே அன்றாடச் சோதனை நினைவகத்தில் நடக்கட்டும். மக்களிடம் ஒப்படைக்கும் முன், உண்மையில் பயன்படப்போகும் அதே வகைத் தரவுத்தளத்தையும் புதிதாக அமைத்து ஒருமுறை சோதித்தல் வேண்டும்.

இவ்விரு தரவுத்தளங்களும் விலையின்றிக் கிடைப்பவை; ஆய்வகத்துப் பழைய கணிப்பொறியிலும் இயங்குபவை. ஆதலால் வசதியில்லை என்று அரசுக் கல்லூரி மாணவர் ஒதுங்க வேண்டியதில்லை. வரி கட்ட வரிசையில் நிற்கும் முதியவர் மீது நம் நிரலைச் சோதித்துப் பார்க்கும் உரிமை நமக்கு இல்லை. அந்தப் பொறுப்புணர்வே நாம் முதலில் கற்க வேண்டிய பாடம் என்பது என் துணிபு.