சேறு என்று பெயர் வைத்த இடம்

இரண்டு வாரம் முன்பு கருவாட்டுக் குழம்பு பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். "கடலுக்குள் மீன் எங்கே இருக்கிறது என்று இப்போதெல்லாம் டி.வி. மாதிரி ஒரு மெஷினில் தெரிந்துவிடுகிறதாமே? அப்படியானால் மீன் விலை குறையத்தானே வேண்டும்? ஏன் ஏறிக்கொண்டே போகிறது?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல என் தம்பி வாங்கிய மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பெரியப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை. அப்பாவும் பெரியப்பாவும் கட்டுமரக்காரர்கள். நான் படித்து வாத்தியார் வேலைக்கு வந்துவிட்டேன். தம்பி கடலைப் பிடித்துக்கொண்டான். சில வருடங்களுக்கு முன்பு ஃபைபர் வள்ளம் ஒன்றைச் சொந்தமாக எடுத்தான். அடுத்த வருடமே அதற்கு ஒரு 'எக்கோ' வேண்டும் என்றான். எக்கோ சவுண்டரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஜி.பி.எஸ்.ஸும் அதிலேயே சேர்ந்தது. கையில் காசில்லை. அவன் மனைவியின் ஐந்து பவுன் செயின் அடகுக் கடைக்குப் போனது. "நாலே மாசம் அண்ணே, திருப்பிடுவேன்" என்றான்.

பெரியப்பா அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மக்கா, மீனு பெட்டிக்குள்ளேயே தெரிஞ்சா அப்புறம் கடலுக்கு எதுக்குல போற?"

மெஷின் செய்கிற வேலை ஒன்றும் மந்திரமில்லை. தேங்காயைத் தட்டிப் பார்த்து முற்றலா இளசா என்று சொல்கிறோமே, அதே விஷயம்தான். வள்ளத்தின் அடியில் உள்ளங்கை அளவுக் குமிழ் ஒன்றைப் பொருத்துவார்கள். அது நம் காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்ணீருக்குள் கீழ்நோக்கி அனுப்பும். தரையிலோ மீனிலோ பட்டு அந்த ஒலி திரும்பி வரும். கடல் நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். போய் வர ஆன நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். நாற்பது மீட்டர் ஆழமென்றால் போய் வர ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குதான் ஆகும். வயிற்றில் இருக்கும் குழந்தையை ஸ்கேனில் பார்க்கிறோமே, அதுவும் இதே எதிரொலிதான்.

இதன் கதை நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1912-ல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, பனிப்பாறையை முன்கூட்டியே அறிய வழி தேடினார்கள். ரெஜினால்ட் ஃபெஸண்டன் என்பவர் 1914-ல் பனிப்பாறையிலிருந்து எதிரொலி வாங்கிக் காட்டினார். 1935-ல் நார்வேயின் ஆஸ்கார் சுண்ட், காட் மீன் கூட்டம் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதை எதிரொலிப் படமாகவே வெளியிட்டார். சாதாரண மீன்பிடிப் படகுக்கு இந்தக் கருவியைக் கொண்டுவந்து விற்றவர்கள் ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள். நாகசாகிப் பக்கம் படகுகளுக்கு மின்சார வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். 1948-ல் அவர்கள் கருவி விற்பனைக்கு வந்தது.

தம்பி கதைக்கு வருகிறேன். முதல் ஒரு மாதம் அவனுக்குத் திரை முழுக்க மீன். அடையாளம் காட்டும் சின்னச் சின்ன மீன் படங்கள் பெரிதும் சிறிதுமாக ஊர்ந்துகொண்டே இருக்கும். தூண்டிலைப் போட்டால் வெறும் முள்தான் திரும்பி வரும். டீசல், மண்ணெண்ணெய், ஐஸ், இரை எல்லாம் நஷ்டம். அடகுக் கடை வட்டி தனி. வீட்டில் பேச்சுவார்த்தை குறைந்துவிட்டது. நான் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "பெரியப்பாவ ஒரு நாளு கூட்டிட்டுப் போவமா அண்ணே?" என்று தம்பியே கேட்டான். நானும் கூடப் போனேன்.

பெரியப்பாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. வலது கண்ணில் புரை. அணியத்தில் உட்கார்ந்து கரையையே பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பி மெஷினைப் பார்க்கவே இல்லை.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது கணியம். கடலடியில் கல் மேடாக எழும்பி நிற்கும் இடத்தைப் 'பார்' என்பார்கள். களவா, விளமீன், செப்பிலி எல்லாம் தங்குவது பாரில்தான். நடுக்கடலில் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் இரண்டு குறி ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். கோயில் கோபுரம் மலையின் ஒரு வெட்டுக்கு நேரே வருகிறது என்று வையுங்கள். அது ஒரு கோடு. வேறு பக்கத்தில் கலங்கரை விளக்கம் இன்னொரு குன்றுக்கு நேரே வருவது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் பார். எந்தக் கோபுரம், எந்த மலை என்று கேட்காதீர்கள். எழுத மாட்டேன். காரணம் பின்னால் வருகிறது.

"நிறுத்து" என்றார் பெரியப்பா. தம்பி எஞ்சினைத் தணித்தான். திரையில் அதுவரை தட்டையாக ஓடிக்கொண்டிருந்த தரை சட்டென்று மேலேறியது. தடித்த சிவப்பு. அதற்கு இரு மடங்கு ஆழத்தில் அதே மேடு மங்கலாக இன்னொரு முறை. அடி கல்லாக இருந்தால் எதிரொலி பலமாக இருக்கும். மேலே வந்து, நீர்மட்டத்தில் மோதி, மறுபடி கீழே போய்த் திரும்பும். அதனால்தான் இரட்டைக் கோடு. சேறென்றால் ஒலியை விழுங்கிவிடும், இரண்டாவது கோடு பெரும்பாலும் வராது.

"இருபத்திரண்டு பாகம்" என்றார் பெரியப்பா, திரையைப் பார்க்காமலே. திரையில் நாற்பது மீட்டர். ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர். கணக்குச் சரி.

தம்பி அவசரமாகத் தூண்டிலை எடுத்தான். அப்போதுதான் பெரியப்பா முதல் முறையாகத் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இது எந்தப் பக்கமா ஓடுது?"

"வலது ஓரத்துல புதுசா வரும் பெரியப்பா. பழசு இடது பக்கமாப் போயிட்டே இருக்கும்."

"அப்போ நடுவுல தெரியுத மீனு?"

"அது... நாம தாண்டி வந்த இடம்."

"லேய், அப்போ நீ தாண்டி வந்த எடத்துல மீனப் பாத்துட்டு, நிக்குத எடத்துல தூண்டி போட்டிருக்க. ஒரு மாசமா!"

தம்பிக்கு முகம் செத்துவிட்டது. வாங்கிய கடையில் இதைச் சொல்லித் தரவில்லை. திரையில் ஓடுவது கடலின் புகைப்படம் இல்லை. வள்ளம் கடந்துவந்த வழியின் நினைவு. வலது ஓரத்து ஒற்றைக் கோடு மட்டும்தான் 'இப்போது'. வள்ளம் நின்றால் திரை நிற்காது. ஒரே மீன் கீழே அசையாமல் நின்றால் நீளமான கோடாக ஓடிக்கொண்டே இருக்கும், பெரிய கூட்டம் என்று தோன்றும்.

அன்று மாலை கரையில் மூவரும் உட்கார்ந்து பேசியபோது மற்ற தவறுகளும் வெளியே வந்தன. திரையின் மீன் படம் மீனே இல்லை. நடுநீரில் எது ஒலியைத் திருப்பினாலும், அது சொறியாக இருந்தாலும் குப்பையாக இருந்தாலும், மெஷின் மீன் பொம்மை போட்டுவிடும். அந்த வசதியை நிறுத்திவிட்டு வெறும் எதிரொலியைப் பார்ப்பது நல்லது. தம்பி கூர்மையை உச்சத்தில் வைத்திருந்தான், அதனால் திரையெங்கும் புள்ளி. குமிழைச் சுழல்விசிறிக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்தான். அங்கே எழும் காற்றுக்குமிழ்கள் ஒலியை மறித்துவிடும்.

இன்னொன்று. ஒலி நூல் பிடித்ததுபோல் நேராக இறங்காது, கூம்பாக விரியும். இருபது டிகிரி விரிவென்றால் நாற்பது மீட்டர் ஆழத்தில் பதினான்கு மீட்டர் அகலத்தை ஒரே கோட்டில் சுருட்டிக் காட்டும். மீன் அந்த வட்டத்துக்குள் எங்கே என்று சொல்லாது. கல்லை ஒட்டிப் படுத்திருக்கும் களவாவின் எதிரொலி கல்லின் எதிரொலியோடு கலந்துவிடும். மீனின் எதிரொலியில் பெரும்பங்கு அதன் வயிற்றிலிருக்கும் காற்றுப்பையிலிருந்து வருவது. காற்றுப்பையே இல்லாத சுறா பெரிதாக இருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும்.

கடலுக்குத் திரும்புவோம். பெரியப்பா வள்ளத்தைப் பாருக்கு மேலே நிறுத்தவிடவில்லை. நீரோட்டம் வரும் திசையில் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போடச் சொன்னார். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இரை பாரின் தலையில் போய் விழும்படி வள்ளத்தைப் பின்னால் இறக்கினார். இதை எந்த மெஷினும் சொல்லாது. பத்து நிமிடத்தில் முதல் களவா ஏறியது. மதியத்துக்குள் பெட்டி நிறைந்தது. ஒரு மாதமாகச் சிரிக்காத தம்பி சிரித்தான்.

சிரித்துக்கொண்டே மெஷினில் இடத்தைப் பதிவு செய்யும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனான். பெரியப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் மக்கா."

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "செயினு கடையில கெடக்கு பெரியப்பா. நீங்க எத்தன நாளு கூட வருவீங்க?"

பெரியப்பா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, மேற்கே இருந்த இன்னொரு பாரைப் பற்றிச் சொன்னார். அவர் இளவயதில் ஐந்தாறு கட்டுமரக்காரர்களுக்குத்தான் அது தெரியும். தூண்டில் மட்டும்தான் போடுவார்கள். ஜி.பி.எஸ். வந்த பிறகு அந்த இடத்தின் எண் கைமாறியது. ஒரு வள்ளத்திலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து விசைப்படகுகளுக்கு. பகலும் இரவும் போனார்கள். இழுவை மடி கல்லைச் சுரண்டியது. "ரெண்டு வருசம். அதுக்கப்புறம் அங்க வெறும் கல்லு."

இது வெறும் வயதானவர் புலம்பல் இல்லை. களவா இனங்கள் பலவற்றில் மீன் பெண்ணாகத்தான் வாழ்வைத் தொடங்கும். வளர்ந்து பெரிதான பிறகே சில ஆணாக மாறும். பெரிய மீனை எல்லாம் பிடித்துவிட்டால் ஆணே மிஞ்சாது. மெதுவாக வளரும் இனம் வேறு. காலியான பார் மறுபடி நிறைய வருடக்கணக்கில் ஆகும்.

பிறகு பெரியப்பாவே பேசினார். கோயிலின் பழைய கோபுரத்தை இடித்துப் புதிது கட்டியபோது அவர் கணியத்தைத் திரும்பப் பிடிக்க ஒரு பருவம் ஆனதாம். குறியாக இருந்த ஒற்றைப் பனையை வெட்டிவிட்டார்கள். கண்ணிலோ புரை. "எனக்கப்புறம் இந்தப் பாரு உனக்கும் இல்லாமப் போயிரும். அதுவும் சரியில்ல." கடைசியில் கையை எடுத்தார். "பதிஞ்சுக்கோ. ஆனா தூண்டி மட்டுந்தான். வல போடாத. மாசத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல வராத. யாருக்கும் நம்பரு குடுக்காத."

"மெஷின யாராச்சும் நோண்டிப் பாத்தா?"

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். "சேறுன்னு பேரு வை. சேத்தத் தேடி எவன் வருவான்?"

அந்த எக்கோவில் இன்றும் அந்த இடத்தின் பெயர் 'சேறு'தான்.

செயின் நான்கு மாதத்தில் திரும்பவில்லை, பதினொரு மாதம் ஆனது. மாதத்துக்கு இரண்டு முறை என்ற கணக்கை மீறியிருந்தால் சீக்கிரமே திரும்பியிருக்கும். தம்பிக்கும் ஆசை வராமலில்லை. ஒரு முறை மூன்றாவது தடவை போய்விட்டு, இரவு சாப்பாட்டில் அவனே பெரியப்பாவிடம் சொல்லிவிட்டான். அவர் திட்டவில்லை. அடுத்த மாதம் ஒரு தடவைதான் என்றார்.

மதுரை வாசகிக்கு என் பதில் இதுதான் அம்மா. மெஷின் மீனைக் காட்டும், மீனை உண்டாக்காது. ஒளிந்துகொள்ள இடமில்லாமல் மீனைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த அளவுக்கு, பிடிக்காமல் விடத் தெரியவில்லை. சில வருடம் நிறையக் கிடைக்கும். பிறகு இன்னும் தூரம், இன்னும் ஆழம், இன்னும் டீசல். அந்தச் செலவும் உங்கள் தட்டில் விழும் துண்டின் விலையில் இருக்கிறது. அடுத்த முறை களவா வாங்கும்போது "தூண்டில் மீனா?" என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்கும் ஆட்கள் கூடினால், தூண்டில்காரனுக்கும் ஒரு மரியாதை வரும்.

பெரியப்பா இப்போது கடலுக்குப் போவதில்லை. சேற்றுக்குப் போய்வரும் நாளில் ஒரு மீன் அவர் வீட்டுக்குப் போய்விடும். போன கோடையில் தம்பி மகன் முதல் முறையாக வள்ளத்தில் ஏறினான். தம்பி தோளிலிருந்த துண்டை எடுத்து எக்கோவின் திரையில் போட்டு மூடிவிட்டு, "கரையைப் பாத்து என்னைக் கொண்டுபோ" என்றானாம். பையன் இரண்டு முறை தவறவிட்டான். மூன்றாவது முறை "இங்கதாம்ப்பா" என்றதும் துண்டை விலக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

நாற்பது மீட்டர். தடித்த சிவப்பு. கீழே மங்கலாக இன்னொரு கோடு.