செயலிகளுக்கும் ஒரு வாசற்படி

1983-ஆம் ஆண்டு நான் தில்லிக்கு வேலைக்கு வந்தபோது ஊருக்குச் செய்தி சொல்ல மூன்று வழிகள்தான் இருந்தன. தபால் கார்டு, இன்லாண்டு லெட்டர், தலைபோகிற அவசரமென்றால் தந்தி. எதை எதில் எழுத வேண்டும் என்று யாரும் நமக்கு வகுப்பு எடுக்கவில்லை. “நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது” என்பது கார்டுக்கு உரியது. தங்கைக்கு வந்த வரன், அப்பா வாங்கிய கடன், தம்பியின் படிப்புக்கு அனுப்பிய பணம் இவையெல்லாம் ஒட்டி மூடிய இன்லாண்டுக்கு உரியவை. கார்டைத் தபால்காரரும் படிப்பார், பக்கத்து வீட்டு மாமியும் படிப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. இரவுக் கட்டணச் சலுகைக்காக வரிசையில் காத்திருந்து, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, பணப் பேச்சு வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம்.

கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த என் பாட்டிக்குக்கூட இந்த விவேகம் இருந்தது. பட்டம் பெற்று, பதவி வகித்து, ஓய்வும் பெற்றுவிட்ட நமக்குக் கைப்பேசி வந்ததும் அது எங்கே போயிற்று? இதுதான் என் ஆதங்கம்.

உடனே என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கைப்பேசி இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்க முன்பு விடியற்காலையில் முன்பதிவு அலுவலக வாசலில் நின்றேன். இன்று கட்டிலில் உட்கார்ந்தபடி எடுக்கிறேன். 2025 ஜூலையில் ரயில்வே வெளியிட்ட ரயில்ஒன் செயலியில் டிக்கெட், வண்டி வரும் நேரம், சாப்பாடு எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கின்றன. 2016-இல் யு.பி.ஐ. வந்த பிறகு மணியார்டர் பாரம் நிரப்பிய காலம் கனவுபோல் ஆகிவிட்டது. காய்கறிக்காரருக்கும் அதில்தான் கொடுக்கிறேன், ஊரில் கோவில் திருப்பணிக்கும் அதில்தான் அனுப்புகிறேன். டிஜிலாக்கரில் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. உரிய துறையே அதில் வழங்கிய ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். (நாமே படமெடுத்து அதில் ஏற்றி வைத்த நகலுக்கு அந்த மதிப்புக் கிடையாது, பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.) தமிழில் தட்டச்சு செய்ய, 2005-லேயே கைப்பேசிக்கு வந்துவிட்ட ‘செல்லினம்’ போன்ற வசதிகள் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த பேத்தி தமிழ் எழுத்தைத் தட்டிப் பழகியதே அதனால்தான். இவ்வளவு நன்மையையும் வேண்டாம் என்று சொல்பவன் நானில்லை.

ஆனால் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

தஞ்சாவூரில் இருக்கும் என் அக்காவின் கைப்பேசிக்கு, தெரிந்த ஒருவரின் எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. ஆவணி மாதம், முகூர்த்த நாட்கள். சந்தேகப்பட என்ன இருக்கிறது? தொட்டுத் திறந்தார். ஏதேதோ அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் ‘சரி’ கொடுத்தார். பத்திரிகை மட்டும் தெரியவில்லை. “தம்பி, பத்திரிகையைத் திறந்தா ஒண்ணுமே வரலைடா, யாருக்குக் கல்யாணம்னே தெரியலை” என்று எனக்கே போன் செய்து சிரித்தார். அன்று மாலைக்குள் அத்தானின் ஓய்வூதியம் விழும் கணக்கிலிருந்து மூன்று தவணைகளில் நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் போய்விட்டது. அதோடு நின்றதா? அதே ‘பத்திரிகை’ அக்காவின் பெயரில் உறவினர் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

வந்தது பத்திரிகையே அல்ல. ‘ஏபிகே’ என்று பெயர் முடியும் கோப்பு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவும் கோப்புக்கு அப்படித்தான் பெயர் முடியும். பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும், ஏபிகே ஆக வராது. அந்தச் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டது. வங்கி அனுப்பிய ஒருமுறைக் கடவுஎண்கள் எல்லாம் அக்காவுக்கு வருவதற்குள் திருடனுக்கும் போயின. 2024 கடைசியிலிருந்தே இந்தக் கல்யாணப் பத்திரிகை மோசடி பற்றிப் பல மாநிலக் காவல்துறையினர் எச்சரித்து வந்திருக்கிறார்கள். நாம்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1930 என்ற எண்ணுக்கு அன்றிரவே புகார் செய்ததால் ஒரு பகுதிப் பணம் வழியிலேயே நிறுத்தப்பட்டுத் திரும்பியது. பணத்தைவிட, “என்னால்தான் எல்லாருக்கும் போச்சு” என்று அக்கா பல நாள் யாருடனும் பேசாமல் இருந்ததுதான் எங்களை வாட்டியது.

இதில் நான் கற்ற பாடம் ஒன்று. செயலி என்பது வீட்டுக்கு வரும் ஆள். பால்காரர் வாசலோடு போவார். மின்சார மீட்டர் பார்ப்பவர் மீட்டர் வரை வருவார். நெருங்கிய உறவினர் கூடத்தில் உட்காருவார். பீரோச் சாவியை யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் கொடுப்பதில்லை. செயலிகளுக்கு மட்டும் ஏன் எல்லா அறைக் கதவையும் திறந்துவிடுகிறோம்?

வரைபடச் செயலி இருப்பிடம் கேட்டால் நியாயம். அதற்கு அது வேண்டும். டார்ச் விளக்குச் செயலிக்கு எதற்கு? 2013-இல் அமெரிக்காவில் இது வழக்காகவே வந்தது. கோடிக்கணக்கானோர் வைத்திருந்த ஓர் இலவச டார்ச் செயலி, அவர்கள் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிவந்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. விளக்கு இலவசம்தான், விலை வேறு வழியில் வசூலானது.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. கேம்ஸ்கேனர் நினைவிருக்கிறதா? பத்திரம், மதிப்பெண் பட்டியல், ரேஷன் அட்டை என எல்லாவற்றையும் நாம் அதில்தான் நகலெடுத்தோம். 2019-இல் அதன் ஆண்ட்ராய்டுப் பதிப்பில் விளம்பரப் பகுதிக்குள் தீய நிரல் ஒளிந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2020 ஜூன் மாதம் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. நாம் அதில் ஏற்றிவைத்த ஆவணங்களின் கதி என்ன என்று எத்தனை பேர் கவலைப்பட்டோம்? டிக்டாக் போனதற்குத்தான் வருந்தினோம்.

தமிழ்த் தட்டச்சுக்கும் இது பொருந்தும். விசைப்பலகைச் செயலியின் வழியாகத்தான் நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் போகிறது, கடவுச்சொல்லும்கூட. ஆகையால் கண்ட இடத்தில் கிடைத்த ‘அழகிய தமிழ் கீபோர்டு’களை நிறுவாமல், கைப்பேசியோடு வருவதையோ, யார் செய்தது என்று நமக்குத் தெரிந்ததையோ பயன்படுத்துவதே நல்லது.

வாட்ஸ்அப் பற்றிக் கேட்கிறார்கள். 2016 முதல் அதில் போகும் செய்தி அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே போகிறது. இன்லாண்டு லெட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது மூடியிருக்கும். யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எத்தனை தடவை என்பது மேலே தெரியும். சிக்னல் என்ற செயலி அந்த மேல்விவரத்தையும் கூடியமட்டும் சேர்த்து வைப்பதில்லை. அதை நடத்துவது லாப நோக்கற்ற அறக்கட்டளை. என் மகனோடும் மகளோடும் வங்கி, மருத்துவ விஷயங்களை இப்போது அதில்தான் பேசுகிறேன். ஆனால் எந்தச் செயலியானாலும் குழுவில் போட்டது கார்டில் எழுதியதுதான். இருநூறு பேர் இருக்கும் குழுவில் இருநூறு தபால்காரர்கள்!

இங்கேதான் நம் சங்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் உறுப்பினராக இருக்கும் சங்கம் ஒன்று சென்ற ஆண்டு கோவில் யாத்திரை ஏற்பாடு செய்தது. தங்குமிடப் பதிவுக்கென்று எல்லோருடைய ஆதார் நகலையும் குழுவிலேயே போடச் சொன்னார்கள். மூன்று நாளில் எழுபது குடும்பங்களின் ஆதார், பிறந்த தேதி, வீட்டு முகவரி, புகைப்படம் எல்லாம் இருநூறு கைப்பேசிகளில் இறங்கிவிட்டன. யாத்திரை நன்றாக முடிந்தது. பிரசாதம் தீர்ந்துவிட்டது. அந்த நகல்கள் மட்டும் இன்னும் தீரவில்லை. செயலாளரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இரவு பகலாக நமக்காக உழைத்தவர். நானும் என் ஆதாரை அங்கே போட்டவன்தான். எனக்குத் தெரியாமல் போயிற்றே என்பதுதான் வெட்கம். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே முதல் எட்டு எண்களை மறைத்த ‘மாஸ்க்டு ஆதார்’ இலவசமாகக் கிடைக்கிறது. கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும். அதை ஒருவருக்கு மட்டும் தனியாக அனுப்பி, வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லியிருக்கலாம்.

“என்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவரும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் குளிக்கிறார். அது மட்டுமல்ல, நம் கைப்பேசியில் இருப்பது நம்முடையது மட்டுமா? தொலைபேசிப் பட்டியலில் இருக்கும் முந்நூறு பேரும் நம்மை நம்பித் தங்கள் எண்ணைக் கொடுத்தவர்கள். உடனடிக் கடன் செயலிகள் சில செய்த கொடுமை நினைவிருக்கும். பட்டியல் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு, தவணை தவறினால் உறவினர், மேலதிகாரி எல்லோரையும் அழைத்து அவமானப்படுத்தினார்கள். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதியே செய்ய வேண்டியிருந்தது.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. ஓய்வு பெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி புட்டசாமி 2012-இல் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அதே மாதக் கடைசியில் சஞ்சார் சாத்தி செயலியைப் புதிய கைப்பேசிகள் எல்லாவற்றிலும் கட்டாயமாக வைத்து விற்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அது பயனுள்ள செயலிதான். தொலைந்த கைப்பேசியை முடக்கவும், நம் பெயரில் எத்தனை எண்கள் வாங்கப்பட்டுள்ளன என்று பார்க்கவும் நானே அதை வைத்திருக்கிறேன். நல்ல விருந்தாளியானாலும் கதவைத் தட்டிவிட்டு வரட்டும் என்பதுதான் மக்கள் சொன்னது. ஆனால் சட்டம் பின்னால் வருவது. தாழ்ப்பாள் முன்னால் இருக்க வேண்டியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காவுக்கு நடந்த பிறகு, “இனிமே உங்களுக்கு ஸ்மார்ட்போன் வேண்டாம் அம்மா” என்று என் மருமகன் அதைப் பிடுங்கிக்கொண்டான். அவன் பெங்களூரில் இருக்கிறான், மகள் வெளிநாட்டில். பேரன் முகத்தைப் பார்க்கும் ஒரே ஜன்னல் அந்தக் கைப்பேசி! பிள்ளைகள் தொலைவில் இருக்கும் நம் போன்ற குடும்பங்களில் முதியவரிடமிருந்து அதைப் பறிப்பது தண்டனை, பாதுகாப்பு அல்ல. நான் தஞ்சாவூர் போய் நான்கு நாள் உடன் இருந்து, அனுமதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். எழுபத்து நான்கு வயதில் அக்கா கேட்ட கேள்வி: “தாயக்கட்டம் விளையாடறதுக்கு என் மைக் எதுக்குடா?” இதைவிடப் பெரிய கணினி ஞானம் வேண்டுமா?

அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு இதுதான். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. வீடியோ அழைப்பில் கைது செய்யும் போலீஸ் இந்தியாவில் இல்லை. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. செயலிக் கடைக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவ வேண்டாம். இருப்பிடம், மைக், கேமரா எல்லாம் ‘பயன்படுத்தும்போது மட்டும்’. ஆறு மாதம் தொடாத செயலியை நீக்கிவிடவும். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930.

நம் சங்கங்களுக்கு என் கோரிக்கை இரண்டே. ஆதார் நகலைக் குழுவில் போடுவதை இன்றோடு நிறுத்துவோம். பழைய நகல்களை அழிக்கச் சொல்வோம். மாதம் ஒரு ஞாயிறு, தமிழ் வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம், பிள்ளைகள் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைச் சரிபார்த்துத் தரட்டும். அப்படியே தாத்தா பாட்டியிடம் அவர்களும் நாலு வார்த்தை தமிழ் பேசிப் பழகலாம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அவசியம் எழுதுங்கள். தபால் கார்டிலேயே எழுதலாம். இதில் ஒளிக்க எதுவுமில்லை.