கைகுலுக்கினால் ஆச்சா?

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், ரோட்டோரக் கல்லூரி போர்டுகளைக் கவனித்துக்கொண்டே போங்கள். கோட்டு சூட்டு போட்ட பையன், பின்னால் வெளிநாட்டுக் கட்டடம், 'சர்வதேசக் கூட்டுடன் எம்.பி.ஏ.! பிளெண்டட் லேர்னிங்!'

அப்படி ஒரு கல்லூரிக்கு (பெயர் வேண்டாமே) பேசப் போயிருந்தேன். ஆபீஸ் சுவரில் வெள்ளைக்காரப் பேராசிரியரோடு கைகுலுக்கும் போட்டோ.

"கிளாஸ் எப்படி சார் நடக்குது?"

"வீடியோ அனுப்பிடுவாங்க. பசங்க பார்த்துக்குவாங்க."

"நம்ம வாத்தியாருங்க யாராச்சும் அங்கே போனாங்களா?"

சிரித்தார். காபி வந்தது.

வெளியே ஒரு பையன். அப்பாவுக்குக் கோழிப்பண்ணையாம். வால்மார்ட் சரக்கு நிர்வாகத்தைக் கடகடவென்று ஒப்பித்தான். "உங்க முட்டைக்கு யார்ப்பா விலை வைக்கிறாங்க?" என்றேன். "அது சிலபஸ்ல இல்ல சார்!"

அடப் பாவமே! அதுதானே மேனேஜ்மென்ட்? வியாபாரி சொன்னதே விலை என்றிருந்த காலத்தில், பண்ணையாளர்களே கூடி 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தார்கள். நாமக்கல் விலை இன்று பேப்பரில் வருகிறது. ஜவ்வரிசிக்காரர்கள் 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் ஆரம்பித்தார்கள். மகாராஷ்டிரத்தில் விரதம் என்றால் இங்கே சேகோ ஆலைக்கு வியாபாரம். இதை எந்த வீடியோ சொல்லித் தரும்?

வெளிநாட்டுக் கூட்டே கூடாதென்று நான் சொல்லவில்லை. 1961-ல் தொடங்கிய ஆமதாபாத் ஐ.ஐ.எம்.முக்கு ஹார்வர்டு கை கொடுத்தது. நம் ஆசிரியர்கள் அங்கே போனார்கள், கேஸ் முறையைக் கற்றார்கள், திரும்பி வந்து நம்மூர் கம்பெனிகளைப் பற்றி கேஸ் எழுதினார்கள். அது கூட்டு!

நான் பி.காம். எனக்குத் தெரிந்த வேதம் இரட்டைப் பதிவு. பற்று இருந்தால் எதிரே வரவு இருக்கணும். இங்கே நம் பக்கமிருந்து போவது ஃபீஸ். அங்கிருந்து வருவது வீடியோ. இதற்குப் பெயர் கூட்டா, கொள்முதலா?

பிளெண்டட் கதையும் அதேதான். ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்று 2021-ல் யு.ஜி.சி. யோசனை சொன்னது. மீதியை நேரில்தானே நடத்தணும்? வீடியோவை வீட்டில் பார்க்கட்டும். கல்லூரி நேரத்தில் பையனைப் பண்ணைக்கும் சேகோ ஆலைக்கும் கூட்டிப்போய்க் கணக்குப் போட வையுங்கள். அந்தக் கேஸை வெளிநாட்டு மாணவர்கள் படிக்கட்டுமே!

பெற்றோர்களே, உஷார்! வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பட்டம் தர 2022-ல் யு.ஜி.சி. விதி போட்டது. ஆன்லைன் படிப்புகள் அதில் அடங்காது. அங்கீகாரமில்லாத வெளிநாட்டுக் கூட்டுகளைப் பற்றி 2023 டிசம்பரில் எச்சரிக்கையும் விட்டது.

அட்மிஷனுக்குப் போனால் மூன்றே மூன்று கேளுங்கள். பட்டம் தருவது யார்? யு.ஜி.சி. விதிப்படி அது செல்லுமா? உங்கள் ஆசிரியர் யாராவது அங்கே போய்ப் படித்து வந்தாரா?

பதிலுக்குக் காபி வந்தால், குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புங்கள். அட்வான்ஸ் மட்டும் கட்டிவிடாதீர்கள்.