துதிப்பாடலும் நட்சத்திரக் குரலும்

பிலிப்பைன்ஸ் நாட்டுக் கத்தோலிக்கப் பாடல்களைப் புகழ்பெற்ற பாடகர்கள் ஒலிப்பதிவு செய்வதால் பக்தி வளர்கிறது என்போருடன் நமக்கு உடன்பாடில்லை. வளர்வது பாடகரின் புகழே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-65) தாய்மொழி வழிபாட்டுக்கு இசைவு தந்தபின், இயேசு சபைக் குரு எதுவார்தோ ஒந்திவேரோஸ் தகலோக் மொழியில் பாடல்கள் இயற்றினார். இசை கல்லாதவரும் இரண்டொரு முறை கேட்டதும் சேர்ந்து பாடிவிடக்கூடிய மெட்டுகள் அவை. இலத்தீனைக் கேட்டுக்கொண்டு வாளாவிருந்த கூட்டம் அவற்றால்தான் வாய்திறந்தது.

அவ்வழி வந்த மனோலிங் பிரான்சிஸ்கோவின் 'ஹிந்தி கீத்தா மாலிலிமூத்தான்' பாடலைப் பாருங்கள். 'உன்னை மறக்கமாட்டேன்' என்று பொருள். (தகலோகில் 'ஹிந்தி' என்றால் 'அல்ல', நாம் எதிர்த்த இந்திக்கும் அதற்கும் உறவில்லை!) ஏசாயா ஆகமத்தின் 49ஆம் அதிகாரத்திலிருந்து பிறந்த இப்பாடல் அடக்கத் திருப்பலிகளில் பாடப்படுவது. அதை பேசில் வால்தெஸ் பதிவு செய்தார். அக்குரலின் அழகை யார் மறுப்பார்? இடர்ப்பாடே அவ்வழகுதான். காதற்பாடலில் தேர்ந்த தொண்டைக்கு இசைந்த சுருதியும் நீட்டலும் துக்கத்தில் கம்மிய ஊரார் குரலுக்கு எட்டுவதில்லை. எட்டாதவர் பாடாமல் நிற்கிறார். பிறகு கேட்கப் பழகிவிடுகிறார்.

கடல்கடந்து வேலைபார்க்கும் பிலிப்பினோவுக்கு ஒலிநாடாதானே கோயில் என்பர். மெய்தான். ஒலிப்பதிவை நாம் வெறுக்கவில்லை. 1986இல் தோன்றிய புக்காஸ் பாலாத் குழுவும் இசைத்தொகுப்புகள் வெளியிட்டதுதான். பலர் கூடிப் பாடும் அக்குரல்களுக்கிடையே கேட்பவரும் நுழைந்துகொள்ள இடமிருக்கிறது. தனிப்பாடகர்களே, பல்லவியையேனும் மக்களுக்கு விட்டுவையுங்கள்.