பானையைக் கிளறிவிட்டுப் பதம் பாருங்கள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லுவார்கள். புள்ளிவிவர சாஸ்திரத்தின் சாரமே இந்தப் பழமொழிதான். ஆனால் அதே பெண்கள் இன்னொரு காரியமும் செய்வார்கள். அதை யாரும் பழமொழியாக்கவில்லை. அகப்பையை விட்டு அடிவரை ஒரு கிளறு கிளறிவிட்டுத்தான் பதம் பார்ப்பார்கள். கிளறாமல் மேலே கிடக்கும் பருக்கையை எடுத்து நசுக்கினால் அது பொய் சொல்லும். அடிச் சோறு குழைந்து கிடக்க, மேல் சோறு இன்னும் வேகவில்லை என்னும்.

புள்ளிவிவரம் படித்தவர்கள் சமாசாரம், நமக்கு எதற்கு என்று ஒதுங்கிக்கொள்ளும் தோழர்கள் உண்டு. ஒதுங்க முடியாது. ஆலைத் தொழிலாளியின் பஞ்சப்படி எதைக்கொண்டு ஏறி இறங்குகிறது? விலைவாசிக் குறியீட்டெண்ணின் புள்ளியைக்கொண்டு. அந்தப் புள்ளி வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ எண்ணித்தான் போடுகிறார்கள். எண்ணுகிறவர் யார், எப்படி எண்ணுகிறார் என்பது நம் சோற்றுப் பிரச்சினை.

எண்ணுகிற தொழிலில் இருந்தவர்கள் சிலரின் வாழ்க்கையைப் பாருங்கள்.

அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் கின்னஸ் என்ற பீர் ஆலை. 1899ம் வருஷம் வில்லியம் கோசெட் என்ற 23 வயது வாலிபர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். பீருக்கு வேண்டிய பார்லியில் எந்த ரகம் நல்ல ரகம்? நாலைந்து பாத்திகளில் விதைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு பாத்தியில் மண் கொழுத்தது, ஒரு பாத்தியில் தண்ணீர் நின்றது என்று ஆயிரம் இருக்கும். இந்தச் சொற்பப் பாத்திகளை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம்? விவசாயிகளுக்குத் தெரிந்த இந்தக் கேள்விக்குக் கணித ரீதியான விடையை 1908ல் அவர் பிரசுரித்தார். ஆனால் தம் பெயரில் அல்ல. ஊழியர்கள் பெயர் போட்டு எதையும் வெளியிடக் கூடாது என்பது கம்பெனியின் கட்டளை. ஆகவே 'ஸ்டூடண்ட்', அதாவது மாணவன், என்று கையெழுத்திட்டார். உலகமெங்கும் பாடப் புத்தகங்களில் அந்த முறை இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. 1937ல் இறக்கும்வரை அவர் கம்பெனி உத்தியோகஸ்தர்தான். உழைப்பு மட்டுமல்ல, உழைத்தவன் பெயரும் முதலாளிக்கே சொந்தம்!

நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவர் பி.சி. மகலனோபிஸ். 1931ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். வங்காளத்தில் சணல் எவ்வளவு விளைகிறது என்று அறிய வயல் வயலாக எண்ணவில்லை. சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் அங்கங்கே சில வயல்களை எடுத்து அளந்தார். மிகச் சொற்பச் செலவில் நம்பகமான கணக்குக் கிடைத்தது. பானையைக் கிளறுவது என்றால் இதுதான். 1950ல் ஆரம்பித்த தேசிய மாதிரி ஆய்வும் இதே வழியில் வந்தது.

அவரிடம் 1941ல் வந்து சேர்ந்தவர் சி.ஆர். ராவ். இன்று கர்நாடகத்தில் இருக்கும் ஹடகலியில் 1920ல் பிறந்தவர். பத்துப் பிள்ளைகளில் எட்டாவது. யுத்த காலத்தில் வேலை தேடிக் கல்கத்தா போனார். வேலை கிடைக்கவில்லை. கழகத்தில் படிக்கச் சேர்ந்தார். 1945ல் ஒரு கட்டுரை எழுதினார். கையிலிருக்கும் விவரத்தைக்கொண்டு ஒன்றைக் கணிக்கும்போது, நாம் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் பிழை ஓர் எல்லைக்குக் கீழே குறையாது. அந்த எல்லை எது என்று அந்தக் கட்டுரை காட்டியது. ராவ் 2023ல் 102 வயதில் மறைந்தார். அந்த எல்லையோ பௌதிக ஆராய்ச்சியில் உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவில் லைகோ என்ற கருவி 2015 செப்டம்பரில் ஈர்ப்பு அலையைப் பிடித்தது. 4 கிலோமீட்டர் நீளக் குழாயில், ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைவை அளந்தார்கள். இவ்வளவு நுட்பமாக அளக்கிறவர்கள் "இதற்குமேல் பிழையைக் குறைக்க முடியுமா?" என்று கேட்கும்போது ராவின் வழிவந்த கணக்கையே நாடுகிறார்கள்.

பௌதிக விஞ்ஞானிகள் எண்ணுவதில் எவ்வளவு கண்டிப்பானவர்கள் தெரியுமா? 2012 ஜூலை 4ம் தேதி, ஜெனீவா அருகே செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஹிக்ஸ் போசான் என்ற துகளைக் கண்டதாக அறிவித்தார்கள். அதற்குமுன் தங்களுக்குத் தாங்களே ஒரு தடை வைத்திருந்தார்கள். அதன் பெயர் ஐந்து சிக்மா. அப்படி ஒரு துகளே இல்லாமல், வெறும் தற்செயலாக அந்த அளவு தடயம் தெரிவதற்கு 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் இருக்கவேண்டும். பூவா தலையா போட்டு 22 தடவையும் தொடர்ந்து தலையே விழுவது ஏறக்குறைய அவ்வளவு அரிது. அதுவும் ஒரு கோஷ்டி சொன்னால் போதாது. இரண்டு கோஷ்டிகள் தனித்தனிக் கருவிகளில் பார்த்து ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

தடை தாண்டினாலும் சந்தேகம் விடுவதில்லை. 2011 செப்டம்பரில், செர்னிலிருந்து இத்தாலிக்கு 730 கிலோமீட்டர் பூமியைத் துளைத்துப் போன நியூட்ரினோக்கள் ஒளியைவிட வேகமாகப் போனதாக ஆபெரா கோஷ்டியினர் சொன்னார்கள். சிக்மாவுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள்? "எங்களுக்கே நம்ப முடியவில்லை, பிழையைத் தேடுங்கள்" என்று உலகத்தின் முன் கணக்கை விரித்து வைத்தார்கள். அடுத்த வருஷம் பிழை அகப்பட்டது. ஒரு கேபிள் சரியாகப் பொருத்தப்படவில்லை! கணக்குச் சரி, கம்பி தளர்ந்திருந்தது. தறி ஓட்டும் தோழர்களுக்கு இது புதிதல்ல.

2025 மார்ச்சில் இன்னொன்று. அரிசோனா மலைமேல் இருக்கும் டெசி என்ற கருவி ஒன்றரைக் கோடி அளவிலான கேலக்ஸி முதலிய வான்பொருள்களை அளந்தது. பிரபஞ்சத்தை விரித்துத் தள்ளும் 'இருண்ட சக்தி' காலப்போக்கில் மாறுகிறதோ என்று ஒரு தடயம் தெரிந்தது. எந்த விவரத்தோடு சேர்த்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை வந்தது. ஐந்து வரவில்லை. ஆகவே, கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர்கள் தமுக்கடிக்கவில்லை.

அப்படியானால் தொழிலாளியும் தன் கஷ்டத்தை ஐந்து சிக்மாவுக்கு நிரூபித்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டுமா? இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். துகளும் நட்சத்திரமும் காத்திருக்கும். வயிறும் நுரையீரலும் காத்திருக்குமா? "இன்னும் ருசு போதாது" என்பது சில சமயம் நேர்மையான வார்த்தை. சில சமயம் அது கூலிக்குப் பேசும் வார்த்தை. புள்ளிவிவர மேதைகளில் முதல்வர் என்று பெயரெடுத்தவர் இங்கிலாந்தின் ஆர்.ஏ. ஃபிஷர். புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950ல் டால், ஹில் என்ற இருவர் கணக்கெடுத்துக் காட்டினார்கள். ஃபிஷர் அதை ஏற்க மறுத்து வாதாடினார். அப்போது அவர் புகையிலை உற்பத்தியாளர்கள் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். மேதையும் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பஞ்சுத் தூசியில் நின்று, திங்கட்கிழமை நெஞ்சு இறுகும் தொழிலாளியிடம் முழு ருசு கேட்பவர்களையும் அப்படியே பார்க்க வேண்டும்.

விஞ்ஞானிகளிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஐந்து என்ற எண்ணை அல்ல, அவர்களுடைய பழக்கத்தை. எப்படி எண்ணினோம் என்று சொல்லுவது. பிழை எவ்வளவு என்று சொல்லுவது. மற்றவர் சரிபார்க்கக் கணக்கை விரித்து வைப்பது. பிடிக்காத எண்ணையும் மறைக்காமல் வெளியிடுவது.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2017-18ம் வருஷத்துக்கான வேலையில்லாமைக் கணக்குத் தயாராகியும் வெளியிடப்படவில்லை என்று குறைகூறி, தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் ராஜினாமா செய்தார்கள். தேர்தல் முடிந்த பிறகு, மே கடைசியில், 6.1 சதவீதம் என்ற அந்த எண் வெளிவந்தது. அதே காலத்துக்கான குடும்பச் செலவுக் கணக்கை, தரம் சரியில்லை என்று சொல்லி வெளியிடுவதில்லை என்று அரசாங்கம் அதே வருஷம் நவம்பரில் அறிவித்தது. தரம் சரியில்லையா? ஆபெராக்காரர்களைப்போல விரித்து வையுங்கள், எங்கே கம்பி தளர்ந்தது என்று ஊரார் பார்க்கட்டும்!

இந்தப் பாவம் ஒரு நாட்டுக்கோ ஒரு கொடிக்கோ சொந்தமானதல்ல. 1937 ஜனவரியில் சோவியத் நாட்டில் ஜனத்தொகை எண்ணினார்கள். 16 கோடியே 20 லட்சம் என்று வந்தது. மேலிடம் எதிர்பார்த்ததைவிட அது மிகக் குறைவு. பஞ்சத்தில் மாண்டவர்கள் அந்த இடைவெளியில் இருந்தார்கள். கணக்கு ரத்தாயிற்று. எண்ணியவர்களில் முக்கியமான க்விட்கின் என்பவர் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார். கணக்கைக் கொன்றதால் மாண்டவர் எவரும் எழுந்து வரவில்லை. உழைக்கும் மக்களின் பெயரால் ஆளுகிறவர்கள்தான் உண்மைக் கணக்குக்கு முதலில் கட்டுப்பட்டவர்கள். இதை நாம் சொல்லாவிட்டால், மற்றவர்களைக் கேட்க நமக்கு வாயில்லை.

பஞ்சப்படிப் புள்ளிக்குத் திரும்புவோம். தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டெண்ணின் அடிப்படை வருஷத்தை 2020ல் 2001லிருந்து 2016க்கு மாற்றினார்கள். அப்போது சாப்பாட்டுச் செலவின் பங்கு சுமார் 46 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாகக் குறைந்தது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் விலை ஏறினால் இனிப் புள்ளியில் அது முன்போலக் கனக்காது. சரியா, தவறா? வாதாடலாம். ஆனால் வாதாடுவதற்கு முதலில் கேட்கத் தெரியவேண்டும். எந்த ஊரில் எண்ணினீர்கள்? எத்தனை குடும்பம்? யார் வீட்டுப் பையைப் பார்த்தீர்கள்? பிழை எவ்வளவு?

சங்கக் கூட்டத்திலும் கிராமசபையிலும் யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அதைச் சொல்லுகிறவர் நம் ஆளாகவே இருந்தாலும், இந்த நாலு கேள்வியையும் கேளுங்கள். தோழர்களே, வாங்கும் அரிசியை நிறுத்துப் பார்க்கிறோம். வாங்கும் எண்ணையும் நிறுத்துப் பார்ப்போம்!